கைம்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்: பொருளும் வழக்கும்

முன்னுரை

கணவனை இழந்த பெண்ணைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாகும். விதவை, கைம்பெண், அமங்கலி, அறுதலி, தாலியறுத்தவள், முண்டை, முண்டச்சி, மொட்டச்சி, வெள்ளைச்சேலைக்காரி என அப்பட்டியல் நீள்கின்றது. சங்க நூல்களை நோக்கின் கழிகல மகளிர், ஆளில் பெண்டிர், உயவற் பெண்டிர் முதலிய தொடர்களும் காணக் கிடைக்கின்றன. மனைவியை இழந்த ஆடவனைக் குறிக்கவோ இன்றைய பேச்சு வழக்கில் ஒரு தனிச்சொல்லேனும் நிலைபெறவில்லை. 'மனைவியை இழந்தவர்' என விரித்துரைத்தே நாம் அவரைச் சுட்டுகின்றோம்.

ஒரு மொழி எதற்குப் பல சொற்களை வைத்துள்ளது, எதற்குச் சொல்லே வைக்கவில்லை என்பது அம்மொழி பேசும் சமூகத்தின் பார்வையை உணர்த்தும். மேற்கண்ட சொற்கள் அகராதியில் ஒரே பொருளன போலத் தோன்றினும், அவை ஒன்றற்கு ஒன்று மாற்றாக நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு இழப்பைச் சுட்டுகின்றது. பல, அப்பெண் இனி எவ்வாறு வாழவேண்டும் என்பதையும் உடன் விதிக்கின்றன. இக்கட்டுரை அச்சொற்களின் பொருளையும் வழக்கையும் ஆராய்வதோடு, மலேசியத் தமிழ்ச் சூழலில், குறிப்பாக ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள சிகாமட் போன்ற தோட்டம் சார்ந்த ஊர்களில், தமிழாசிரியர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்களையும் எடுத்துரைக்க முற்படுகின்றது.

தாபதமும் தபுதாரமும்

தொல்காப்பியப் புறத்திணையியலில் காஞ்சித்திணையின் துறைகள் கூறப்படுமிடத்து, காதலியை இழந்தவன் நிலை 'தபுதார நிலை' எனவும், காதலனை இழந்தவள் நிலை 'தாபத நிலை' எனவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. பிற்கால இலக்கண நூலாகிய புறப்பொருள் வெண்பாமாலையும் இவ்விரு துறைகளையும் கொண்டுள்ளது. ஆகவே, ஆடவன் நிலைக்கும் பெண் நிலைக்கும் இணையான கலைச்சொற்கள் தமிழில் தொன்றுதொட்டே இருந்தன என்பது தெளிவு.

எனினும் இவ்விரு சொற்களின் அமைப்பை உற்றுநோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். 'தபுதல்' என்பது இறத்தல், கெடுதல் எனப் பொருள்படும். தாரம் இறந்த நிலையே தபுதாரம். நிகழ்ந்த நிகழ்ச்சியை அது கூறுகின்றது, அவ்வளவோடு நின்றுவிடுகின்றது. 'தாபதம்' என்பதோ தவம் செய்வோரைக் குறிக்கும் தாபதர் என்னும் சொல்லொடு தொடர்புடையது. கணவன் இறந்தான் என்பதை அச்சொல் நேரே கூறவில்லை. அவள் இனித் தவக்கோலம் பூண்டு வாழவேண்டும் என்பதையே கூறுகின்றது. ஆடவனுக்கான சொல் நேர்ந்ததைச் சொல்ல, பெண்ணுக்கான சொல் நெறியைச் சொல்கின்றது. கைம்மை குறித்த பிற சொற்களை ஆராய்வதற்கும் இவ்வேறுபாடே நமக்கு அளவுகோலாக அமைகின்றது.

புறநானூற்றில் இத்தவக்கோலத்தின் கூறுகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. பூதபாண்டியன் தேவியாகிய பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாடல், நெய் சேராத உணவு, வேளைக்கீரை, பாயில்லாத பரற்கல் படுக்கை ஆகியவற்றைக் கைம்மை நோன்பின் பகுதிகளாகக் காட்டுகின்றது. அப்பாடலில் வரும் 'உயவற் பெண்டிர்' என்பது வருந்தி வாழும் பெண்டிரைக் குறிக்கும். 261ஆம் பாடலில் தலைமழித்தலும் அணிகலன் களைதலும் கைம்மையோடு இணைத்துப் பேசப்படுகின்றன. 'கழிகல மகளிர்' என்னும் தொடர் 280ஆம் பாடலிலும் இடம்பெறுகின்றது; அங்கு அம்மகளிர் ஆம்பலின் அல்லியரிசியை உண்போராகக் குறிக்கப்படுகின்றனர். கழிந்தது கணவன் உயிர். பெயரில் நிற்பதோ கழிந்த கலன். இழப்பைக் காட்டிலும் இழப்பின் புறக்கோலமே பெயராகியது எனலாம்.

இவற்றினின்று சற்றே விலகி நிற்பது 'பருத்திப் பெண்டு' என்னும் தொடர். புறநானூறு 125, 326 ஆகிய பாடல்களில் பருத்தி நூற்கும் பெண் இவ்வாறு குறிக்கப்படுகின்றாள். நற்றிணை 353ஆம் பாடலில் 'ஆளில் பெண்டிர்' தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல் உவமையாக வருவதை ஒப்பிட்டு, பருத்திப் பெண்டிரும் கணவனை இழந்தோரே என அறிஞர் பலர் கொள்வர். இக்கருத்தை ஏற்பின், கைம்மையைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ஒரு பெண்ணை அவள் செய்யும் தொழிலால் சுட்டும் சொல் இதுவேயாகும்.

விதவை, கைம்பெண்: சொற்பிறப்பு

'விதவை' என்பது வடமொழி 'விதவா' என்பதன் தமிழ் வடிவம். இச்சொல் இந்தோ–ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. இலத்தீனில் 'விதுவா', செருமானிய மொழியில் 'விட்வே', உருசிய மொழியில் 'வ்தோவா', ஆங்கிலத்தில் 'விடோ' என வழங்குவன யாவும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை. வெறுமையாதல், பிரிக்கப்படுதல் என்பதே அம்மூலத்தின் பொருள் என்று மொழியியலார் கூறுவர். 'வி' என்பதை இன்மையை உணர்த்தும் முன்னொட்டாகவும், 'தவ' என்பதைக் கணவனாகவும் பிரித்து, 'கணவன் இல்லாதவள்' எனப் பொருள் கொள்வது பின்னர் எழுந்த விளக்கம். கணவன் எனப் பொருள்படும் 'தவ' என்னும் வடசொல்லே 'விதவா' என்பதினின்று பிரித்தெடுக்கப்பட்டது என்பர். பெண்ணைக் குறித்த சொல்லிலிருந்து கணவனைக் குறிக்கும் சொல் பிறந்தது என்பது வியப்பிற்குரிய செய்தியாகும்.

'கைம்மை' தமிழ்ச்சொல். 'கை' என்பதற்குச் சிறுமை, தனிமை முதலிய பொருள்கள் கூறப்படுவதுண்டு. ஒருதலைக் காமத்தைக் குறிக்கும் 'கைக்கிளை' என்பதில் வரும் 'கை'யும் சிறுமைப்பொருள் உடையதாக உரையாசிரியரால் விளக்கப்படுகின்றது. எனவே வடசொல் வெறுமையைக் கூற, தமிழ்ச்சொல் தனிமையையோ சிறுமையையோ கூறுகின்றது. சொற்பிறப்பு நோக்கில் இரண்டினுள் ஒன்று மாசற்றது, மற்றொன்று மாசுடையது என வரையறுத்தற்கு இடமில்லை.

பேச்சு வழக்கில் இச்சொற்கள்

பேச்சு வழக்கிலுள்ள சொற்கள் பெரும்பாலும் சடங்கையும் கோலத்தையும் ஒட்டி எழுந்தவை. 'அறுதலி', 'தாலியறுத்தவள்' என்பன தாலி களையும் சடங்கினின்று வந்தவை. 'முண்டை', 'முண்டச்சி', 'மொட்டச்சி' என்பன தலைமழித்தலைச் சுட்டுவன. 'வெள்ளைச்சேலைக்காரி' என்பது உடையைச் சுட்டுவது. கணவன் இருக்கச் சுமங்கலியாய் இறந்த பெண்ணைப் 'பூவாடைக்காரி' எனத் தெய்வமாக்கி வழிபடும் மரபு தமிழரிடையே உண்டு. அவளும் உடையாலேயே பெயர் பெற்றாள். எனினும் ஒருத்தி பூசைக்குரியவளானாள், மற்றொருத்தி எதிரே வரக் கூடாதவளானாள்.

'அமங்கலி' என்னும் சொல் இவை அனைத்தினும் கடுமையானது. 'சுமங்கலி' என்பதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கும் இது, ஒரு பெண்ணின் இழப்பைப் பிறருக்கு நேரக்கூடிய தீங்காக மாற்றிவிடுகின்றது. மங்கல நிகழ்ச்சிகளில் பெற்ற தாயே ஒதுங்கி நிற்க நேர்வது இச்சொல்லின் செயற்பாடே ஆகும்.

இவ்விடத்து ஒரு வசைச்சொல்லைக் கருதுதல் தகும். தெருச்சண்டையில் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வீசப்படும் 'கம்மனாட்டி' என்பது 'கைம்பெண்டாட்டி' என்பதன் திரிபாகும். மதிப்பிற்குரிய சொல்லாக இன்று முன்னிறுத்தப்படும் கைம்பெண்ணும், வாய்கூசும் வசையாகிய கம்மனாட்டியும் ஒரே வேரின. 'முண்டை'யும் இவ்வாறே வசையாகியது. 'ரண்டா' என்னும் வடசொல் யாவக மொழியிற் புகுந்து 'ரொண்டோ' எனக் கைம்பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வழங்க, தமிழ்ப் பேச்சில் அதுவே 'ரண்டை' என இழிசொல்லாயிற்று. ஒரு சொல்லின் தகுதி அதன் பிறப்பில் இல்லை, அதனைக் கையாளும் சமூகத்தின் மனப்பாங்கில் உள்ளது என்பதற்கு இவை தக்க சான்றுகளாகும்.

மலாய்மொழிச் சூழலும் மொழிபெயர்ப்பும்

மலேசியத் தமிழர் அன்றாடம் மலாய்மொழியோடு பழகுபவர். மலாயில் 'ஜண்டா' என்பது கணவனை இழந்தவள், மணவிலக்குப் பெற்றவள் ஆகிய இருவரையும் குறிக்கும். கணவன் இறந்தவளை மட்டும் குறிக்கப் 'பாலு' என்னும் சொல் உண்டு. ஆடவனுக்கும் 'டூடா' என்னும் சொல் வழக்கில் உள்ளது; மனைவியை இழந்தவனுக்கும் மணவிலக்குப் பெற்றவனுக்கும் அது பொதுவானது. ஆகவே ஆடவரின் மணநிலையையும் ஒரு சொல்லால் கேட்கும் வழக்கம் மலாயில் இயல்பாக அமைந்துள்ளது.

இவ்வேறுபாடு தமிழ் வகுப்பில் உடனடியான விளைவை ஏற்படுத்துகின்றது. சிகாமட்டில் ஒரு மாணவர் மலாய்ச் செய்தியொன்றைத் தமிழில் பெயர்க்கும்போது, 'ஜண்டா' என்பதைத் தயக்கமின்றி 'விதவை' என எழுதிவிடுதல் எளிது. செய்தியிற் கூறப்பட்டவர் மணவிலக்குப் பெற்றவராயின், உயிரோடிருக்கும் ஒருவரை அம்மொழிபெயர்ப்பு இறந்தவராக்கிவிடும். தமிழில் 'வாழாவெட்டி' என்னும் சொல் கணவனைப் பிரிந்து வாழ்பவளைக் குறித்தாலும், அதுவும் பழிச்சொல்லாதலின் எழுத்து வழக்கிற்கு ஏற்றதன்று. 'மணவிலக்குப் பெற்றவர்', 'கணவனைப் பிரிந்து வாழ்பவர்', 'கணவனை இழந்தவர்' என மூன்றையும் வேறுபடுத்தி எழுதும் பயிற்சியை மாணவர்க்கு அளித்தல் இன்றியமையாததாகும்.

'இபு துங்கால்' என்னும் மலாய்த் தொடர்க்கு ஈடாக மலேசியத் தமிழ் இதழ்களில் 'தனித்து வாழும் தாய்மார்' என்னும் வழக்கு ஊன்றியுள்ளது. இழப்பையோ பிரிவையோ சுட்டாமல், பிள்ளைகளைப் பேணும் பொறுப்பை முன்னிறுத்துவது இதன் சிறப்பு. ஆயினும் பிள்ளை இல்லாத கைம்பெண்ணை இத்தொடர் உள்ளடக்காது. மேலும், கணவன் இறந்தமையால் எழும் உரிமைகளைக் கோரும்போது இப்பொதுச்சொல் பயன்படாது.

சட்டமும் சொல்லும்

சட்டத்தின் முன் 'விதவை' என்பது ஓர் உரிமைச்சொல். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஓய்வூதியம் பெறவும், சேமநிதியையும் சொத்தையும் கோரவும், இறந்தவரின் சட்டபூர்வத் துணைவி என்பதை ஒரு பெண் மெய்ப்பிக்கவேண்டும். மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் பதிவுசெய்யப்படுதல் வேண்டும். தோட்டத்துக் கோயிலில் உற்றார் முன்னிலையில் தாலி கட்டி, பதிவை மட்டும் தள்ளிப்போட்ட இணையருள் கணவன் இறந்துவிட்டால், அப்பெண்ணின் நிலை இரங்கத்தக்கது. ஊர் அவளிடம் சான்று எதனையும் கேளாமலே கைம்பெண்ணாக்கிப் பூவையும் பொட்டையும் களையச் சொல்லும். உரிமை கோரச் செல்லுமிடத்திலோ அதே கைம்மைக்குச் சான்று வேண்டப்படும். ஒரே சொல் இழப்பாக வரும்போது தானே வந்தடைகின்றது. உரிமையாக வரவேண்டியபோது தேடிப் பெறவேண்டியதாகின்றது.

சொல்லில் அடங்காதோர்

மலாயாத் தமிழர் வரலாற்றில் இச்சொற்கள் எதனுள்ளும் அடங்காத ஒரு பெண்டிர் கூட்டம் உண்டு. 1942 சனவரியில் கெமாஸ், சிகாமட் வழியாகச் சப்பானியப் படை தெற்கே முன்னேறியது. அதனைத் தொடர்ந்த ஆட்சியில், 415 கிலோமீட்டர் நீளமான சயாம்–பர்மா இரயில் பாதை அமைப்பதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை நிறைவுற்றது. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, ஓயாத உழைப்பு ஆகியவற்றால் மாண்டோர் எண்ணிலடங்கார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இத்துயரத்தைத் தமிழில் பதிவு செய்துள்ளது.

மாண்ட ஆசியத் தொழிலாளர் பலர்க்குக் கல்லறையோ பெயர்ப்பட்டியலோ இல்லை. ஆகவே தோட்டத்தில் இருந்த மனைவியர் பலர்க்கு இறப்புச் செய்தியே வரவில்லை. கணவன் இறந்தான் என அறியாதவள் தாலியைக் களைவது எவ்வாறு? திரும்பி வாராதவனுக்காகப் பூச்சூடி வாழ்வதுதான் எவ்வாறு? சுமங்கலி, அமங்கலி என்னும் இருமைப் பாகுபாடு இவர்களிடத்துச் செயலற்றுப் போகின்றது. அன்று தோட்டங்களில் பெண்களும் பால்மரம் வெட்டியும் புல்வெட்டியும் கூலி பெற்றனர். கணவன் திரும்பாதபோது அவ்வுழைப்பே குடும்பத்தைத் தாங்கும் தூணாயிற்று. சங்ககாலப் பருத்திப் பெண்டிரின் நிலையை இவர்களோடு ஒப்பிட்டுக் காணலாம். ஆயின் இவர்களை உழைப்பால் சுட்டும் பெயரொன்றைத் தமிழ் ஆக்கிக்கொள்ளவில்லை.

இலங்கையில் 2009இல் போர் முடிவுற்ற பின்னரும் இதே சிக்கல் எழுந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' என்னும் தொடர் பெருவழக்காயிற்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியர் பலர், இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்தனர். அதனை ஏற்பது தம் கணவரைத் தாமே இறந்தவராக்குவதாகும் என்பது அவர்தம் நிலைப்பாடு. 2016இல் சட்டத்திருத்தத்தின் வழி, காணாமற் போனமைக்கான தனிச்சான்றிதழ் அங்கு அறிமுகப்படுத்தப்பட்டது. மனைவிக்கும் கைம்பெண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைச் சட்டமே ஏற்கவேண்டியதாயிற்று.

பெயர்மாற்ற முயற்சிகள்

சொல்லை மாற்றுவதன் வழிக் கருத்தை மாற்றும் முயற்சிகள் இந்தியாவில் பல நடந்துள்ளன. 1856இல் இந்து விதவையர் மறுமணச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னையில் 1912 முதல் இளங்கைம்பெண்களுக்குக் கல்வி இல்லம் நடத்திய சுப்புலட்சுமி, தாமும் சிறுவயதில் கணவனை இழந்தவர். மக்கள் அவரைச் 'சகோதரி சுப்புலட்சுமி' என்றே அழைத்தனர். கைம்மையின் பெயர் உதிர்ந்து பணியின் பெயர் நிலைத்தமைக்கு அவர் எடுத்துக்காட்டு.

'விதவை' என எழுதினால் புள்ளி இல்லை. 'கைம்பெண்' என எழுதினால் இரண்டு புள்ளிகள் உள்ளன. அவற்றைப் பொட்டாகக் கொள்ளலாம் என்னும் விளக்கம் மு. கருணாநிதி கூறியதாகப் பரவலாக வழங்குகின்றது. எழுத்தின் புள்ளியைப் பொட்டோடு இணைத்த இந்நயம் மக்கள் மனத்தில் எளிதில் பதிந்தது. தமிழ்நாட்டில் 1975இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் 'ஆதரவற்ற விதவை' என்னும் பெயரால் அறியப்பட, 2022இல் அமைக்கப்பட்ட வாரியம் 'கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியம்' எனப் பெயர் பெற்றது. இவ்வழக்கு மாற்றம் கருதத்தக்கது.

ஆனால் பெயர்மாற்றம் எக்காலும் வரவேற்கப்படுவதில்லை. 2023 ஏப்ரலில் மகாராட்டிர அமைச்சர் ஒருவர், 'விதவா' என்பதற்கு மாற்றாகக் 'கங்கா பாகீரதி' என்னும் பெயரை முன்மொழிந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கைம்பெண்ணின் பெயர்க்கு முன் இடப்பட்ட பழைய மராத்திய அடைமொழி அது. புனிதப்பெயர் சூட்டினும், அவளைத் தனியே பிரித்துக் காட்டும் செயல் மாறவில்லை என்பதே எதிர்ப்பின் சாரம். இதற்கு மாறாக, அதே மாநிலத்துக் கோலாப்பூர் மாவட்டத்தின் ஏர்வாட் ஊராட்சி, 2022 மே மாதத்தில் வளையல் உடைத்தல், குங்குமம் அழித்தல் முதலிய சடங்குகளை விலக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. அங்குச் சொல்லை எவரும் மாற்றவில்லை. அச்சொல் தாங்கியிருந்த சடங்கையே மாற்ற முற்பட்டனர். 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்துக் கோயில் ஒன்றில் கைம்பெண் நுழைவதைத் தடுத்தது தொடர்பான வழக்கில், ஒரு பெண்ணுக்குத் தனக்கெனத் தனித்த அடையாளம் உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது.

தமிழாசிரியர் கருத்திற்குச் சில

மேற்கண்டவற்றின் அடிப்படையில் நாம் நான்கு கருத்துகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, பழஞ்சொற்களை மாணவரிடமிருந்து மறைத்தல் கூடாது. கழிகல மகளிர், தாபதம் ஆகிய சொற்களைப் பொருள் மட்டும் கூறிக் கடந்துவிடாமல், அவை எந்நிலையைச் சுட்டி எதனை விதித்தன என்பதையும் விளக்குதல் வேண்டும். கருத்துவிளக்கக் கட்டுரைக்கும் இது நல்ல பொருளாகும்.

இரண்டாவது, 'அமங்கலி', 'அறுதலி', 'முண்டச்சி' முதலியவற்றைச் சொற்பட்டியலில் சேர்க்குமிடத்து இழிவழக்கு என்னும் குறிப்போடு தருதல் வேண்டும். குறிப்பின்றித் தரப்படும் சொல்லை மாணவர் இயல்பான சொல்லெனக் கொண்டு கையாளக்கூடும். அதே வகுப்பில் தந்தையை இழந்த பிள்ளை அமர்ந்திருப்பதை நாம் மறத்தல் ஆகாது.

மூன்றாவது, சட்டம், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைகளில் 'கைம்பெண்' அல்லது 'விதவை' என்னும் சொல்லைத் தயங்காது ஆளலாம். அங்கு அச்சொல் உரிமையையும் துயரத்தையும் அடையாளங்காட்ட உதவுகின்றது. அழைப்பிதழிலும் மேடையிலும் செய்திக்குறிப்பிலும் தேவையின்றி ஒருவரின் மணநிலையை அடைமொழியாக்குதல் தவிர்க்கத்தக்கது. அங்கு அவர் பெயரும் தொழிலும் உறவுமுறையும் போதும்.

நான்காவது, 'தபுதாரன்' என்னும் வடிவை ஆடவர்க்குரிய எழுத்துவழக்குச் சொல்லாக மீண்டும் கொணரலாம். தொல்காப்பிய மரபிற் கால்கொண்ட சொல்லை நாம் புதிதாய் ஆக்கவேண்டியதில்லை. மலாயில் 'டூடா' இயல்பாக வழங்குமிடத்துத் தமிழில் இடைவெளி இருத்தல் மொழிபெயர்ப்பிற்கும் இடையூறாகும்.

முடிவுரை

கைம்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள், ஒரு பெண் களைந்த அணியையும் கூந்தலையும் தாலியையும் வண்ண உடையையும் தனித்தனியே எண்ணிப் பெயரிட்டுள்ளன. அவள் நூற்ற நூலையும் வெட்டிய பாலையும் வளர்த்த பிள்ளைகளையும் சுட்டும் சொற்களோ மிக அரிது. விதவையை விடுத்துக் கைம்பெண்ணை ஏற்பது பண்பாட்டின் பாற்பட்ட நல்ல முயற்சி எனினும், 'கம்மனாட்டி'யின் வரலாறு நமக்கு எச்சரிக்கையாக நிற்கின்றது. மணப்பந்தலில் தாய்க்கு உரிய இடம் மறுக்கப்படும் வரை எப்புதுச்சொல்லும் காலப்போக்கில் பழையதன் கறையை ஏற்கவே செய்யும். சொல்லைத் தெரிந்து ஆளக் கற்பிப்பது தமிழாசிரியர் கடன். அச்சொல்லுக்குரிய பெண்ணைப் பந்தலின் முன்வரிசைக்கு அழைப்பது நம் அனைவர் கடனுமாகும்.